புதுச் சவரக்கத்தி, பல்லுப் போன வாய்: வாசகர் கேள்வி – பதில்

சவரக்கத்தி பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பிளேட் மாற்றிப் போடுகிற சலூன் கத்தி அல்ல. அலகையே தீட்டிப் பாவிக்கிற, கைப்பிடிக்குள் மடியும் பழைய வகைக் கத்தியைத்தான் இங்கே சொல்கிறோம்.

முள்ளியவளை வாசகர்: ஒன்லைனில் வாங்கிய சவரக்கத்தி இரண்டு கிழமைக்கு முன் வந்தது. 'உடனே பாவிக்கலாம்' என்று பெட்டியில் இருக்கிறது. முதல் நாளே மயிரை வெட்டாமல் இழுத்தது. வெளிச்சத்தில் பிடித்தால் பிடிப்பக்கமாக இரண்டு இடத்தில் பல்லுப் போயிருப்பது தெரிகிறது. கல்லில் தீட்டினால் சரிவருமா, திருப்பி அனுப்புவதா?

பதில்: இன்னும் கல்லைத் தொடவில்லை என்றால் அப்படியே வைத்திருங்கள். கல்லில் ஒருமுறை இழுத்த கத்தியை எந்தக் கடைக்காரரும் புதுச் சாமானாகத் திருப்பி எடுக்கமாட்டார். சாதாரண மழுங்கலுக்காகத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. விலை கூடிய கத்திகள்கூடத் தொழிற்சாலையில் இருந்து வரும்போது முகத்தில் வைக்கும் கூரோடு வருவது குறைவு. பல்லுப் போனது, அதாவது வெட்டும் விளிம்பான வாயில் துண்டு உடைந்தது, வேறு விசயம். அதற்கு முன், பழுது வாயில் இருக்கிறதா, அலகிலேயே இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாயில் உள்ள பழுதைக் கல் தீர்க்கும். அலகு முறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ கல்லில் தேய்க்கத் தேய்க்க இரும்புதான் குறையும்.

பெட்டியில் இருந்து வரும் கத்தியில் கெட்டியான எண்ணெய் பூசியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, முதுகில் இருந்து வாய்ப்பக்கமாகத் துடையுங்கள். வாயின் குறுக்கே துணியை ஓட்டக்கூடாது. பிறகு தட்டையான கண்ணாடித் துண்டொன்றில் அலகைப் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் ஒன்றாகக் கண்ணாடியில் பட வேண்டும். முதுகின் நுனியையும் வாயின் பிடிப்பக்க மூலையையும் விரலால் மாறி மாறி மெதுவாகத் தொடுங்கள். 'டிக் டிக்' என்று ஆடினால் அலகு முறுகியிருக்கிறது. மற்றப் பக்கத்தையும் அப்படியே பாருங்கள்.

அடுத்தது சரிவு. வாயை ஒட்டி இரண்டு பக்கமும் ஒடுக்கமாக மினுங்கும் பட்டை இருக்கிறதே, அதைத்தான் சரிவு என்கிறோம். ஒரு பக்கத்தில் பிடிப்பக்கம் அகலமாயும், மறுபக்கத்தில் நுனிப்பக்கம் அகலமாயும் இருந்தால் அதுவும் முறுகலின் அடையாளம். வாய் உள்நோக்கி வளைந்து நடுப்பகுதி கண்ணாடியில் படாமல் நின்றால், தொழிற்சாலையில் பிழையாக அரைத்திருக்கிறார்கள்.

வெடிப்பைப் பார்க்க, மெல்லிய எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டுச் சுத்தமாகத் துடையுங்கள். வெடிப்பு இருந்தால் துடைத்த இடத்தில் மறுபடியும் ஒரு மயிர்க்கோடாக எண்ணெய் கசியும். வெடித்த அலகு முகத்தில் வைத்திருக்கும்போது உடையக்கூடும். அதற்குத் திருத்தம் கிடையாது.

கடைசியாக, கத்தியை மெதுவாக மடித்துப் பாருங்கள். வாய் இரண்டு கைப்பிடித் தகடுகளுக்கும் நடுவே இறங்க வேண்டும். ஒரு பக்கத் தகட்டில் முட்டினால், நீங்கள் எவ்வளவுதான் தீட்டினாலும் ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் அதே இடத்தில் புதுப் பல் விழும். பலரும் கல்லையும் இரும்பையும் குறை சொல்லிக்கொண்டிருக்க, குற்றவாளி கைப்பிடியாக இருப்பதுண்டு.

முறுகல், வெடிப்பு, உள்வளைவு மூன்றில் ஒன்று இருந்தாலும் படம் எடுத்து, விற்றவருக்கு எழுத்தில் அறிவித்துத் திருப்பி அனுப்புங்கள். விற்றவர் இலங்கைக்குள் இருந்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகவலுக்கு 1977 என்ற இலக்கம். வெளிநாட்டுக்காரரிடம் நேரே வாங்கியிருந்தால், காசு கட்டிய ஒன்லைன் தளத்தின் முறைப்பாட்டு வழியைப் பாருங்கள்.

இவை ஒன்றும் இல்லை, பல் மட்டும்தான் என்றால் அதன் ஆழத்தைப் பாருங்கள். போட்டோக் கொப்பி எடுக்கும் 80 கிராம் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிப்பு. தாளின் விளிம்பைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, போன் கமராவால் பெருப்பித்து ஒப்பிட்டால் ஒரு கணக்கு வரும். ஒரு தாள், இரண்டு தாள் ஆழம் என்றால் வீட்டில் தீட்டி எடுக்கலாம். 5 தாளைத் தாண்டினால், அதாவது 0.5 மி.மீ.க்கு மேல் என்றால், முதல் கத்தியில் அந்த வேலையைப் பழக வேண்டாம்.

தீட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. சவரக்கத்தியைக் கல்லில் வைக்கும்போது முதுகும் கல்லில் படும். அதனால் கோணத்தை நீங்கள் கையால் பிடிக்கத் தேவையில்லை. அலகின் அகலம் 16 மி.மீ., முதுகின் தடிப்பு 4.5 மி.மீ. என்றால் வாயின் கோணம் சுமார் 16 பாகை. முதுகை ஒருபோதும் கல்லில் இருந்து தூக்காதீர்கள். மரக்கறிக் கத்தி தீட்டிப் பழகிய கை தன்னையறியாமல் தூக்கும். ஒருமுறை தூக்கினாலும் வாய் உருண்டுவிடும்.

பல் எடுப்பதற்கு நிறைய இரும்பு போக வேண்டும். அதனால் முதுகும் தேயும். அதைத் தடுக்க, வயரிங் வேலைக்குப் பாவிக்கும் கறுப்பு இன்சுலேசன் ரேப்பை முதுகின் மேல் ஒரு சுற்று மட்டும் நீளவாக்கில் ஒட்டுங்கள். இதனால் கோணம் ஏறத்தாழ 1 பாகை கூடும். ஒவ்வொரு கல்லுக்கும் புது ரேப். பழைய ரேப்பில் முந்திய கல்லின் துகள் ஒட்டியிருக்கும், தேய்ந்த ரேப் கோணத்தையும் மாற்றிவிடும். ரேப்போடு தொடங்கினால் கடைசிக் கல் வரைக்கும் ரேப் இருக்க வேண்டும். இடையில் கழற்றினால் அந்த 1 பாகை வித்தியாசத்தால் வாயின் நுனி கல்லில் படாது. தீட்டிக்கொண்டே இருப்பீர்கள், கூர் வராது. கழற்றத்தான் வேண்டுமென்றால் மறுபடியும் 1000 கல்லில் இருந்து தொடங்க வேண்டும் (கல்லின் இலக்கம் கூடக்கூடத் துகள் மென்மை).

கல் தட்டையாக இருக்க வேண்டும். கல்லின் மேல் பென்சிலால் 2 செ.மீ. கட்டங்கள் கீறி, தடித்த கண்ணாடியில் 320 வோட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீர் விட்டு, கோடெல்லாம் அழியும்வரை தேயுங்கள். புதுக் கல்லுக்கும் இது வேண்டும்.

இனிப் பல். 0.2 மி.மீ.க்கு உட்பட்டதென்றால் 1000 கல்லில் சாதாரணமாகவே தீட்டி எடுக்கலாம். அதற்கு மேல் என்றால், அலகைக் கல்லுக்குச் செங்குத்தாக நிறுத்தி, பாண் அறுப்பதுபோல் மெதுவாக, கத்தியின் பாரத்தோடு மட்டும் 5 தடவை இழுத்து, பல் மறைந்ததா என்று பாருங்கள். பார்க்கவே நெஞ்சு திக்கென்னும், ஆனால் கணக்கு பயப்படும்படி இல்லை. 0.3 மி.மீ. ஆழம் குறைத்தால் வாயில் உருவாகும் தட்டையான கோடு 0.08 மி.மீ. அகலம்தான், ஒரு தலைமயிரின் தடிப்பு. இந்த வேலையை 400 போன்ற கரடுமுரடான கல்லில் செய்யாதீர்கள். மெல்லிய வாயில் அதன் ஒவ்வொரு துகளும் ஒரு புதுப் பல்லை வெட்டும்.

தட்டையாக்கிய வாயை மேலே நேரே இருந்து ரோச் லைற் அடித்துப் பாருங்கள். ஒரு வெள்ளிக்கோடு மினுங்கும். அந்தக் கோடு மறையும்வரை 1000 கல்லில் வேலை. ஒரு பக்கம் 40 சிறு வட்டம், மறுபக்கம் 40. முதலில் விரலின் பாரம் கொஞ்சம் இருக்கலாம். கோடு மெலியத் தொடங்கியதும் பாரத்தை எடுத்துவிடுங்கள். எத்தனை சுற்று வேண்டும் என்பதை இரும்புதான் சொல்லும். சில நூறு தடவை போவது சாதாரணம். ஓரிடத்தில் மட்டும் ஒரு புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தால் அங்கே பல் இன்னும் இருக்கிறது. அந்தப் புள்ளியை மட்டும் தேய்க்கப் போனால் அந்த இடம் உள்வளைந்துவிடும். முழு வாயையும் ஒன்றாகவே கீழே கொண்டுவர வேண்டும்.

கடைசியில் வாய் முன்னே போக, அலகைப் பிடிப்பக்கத்தில் இருந்து நுனிப்பக்கமாகச் சரித்து 20 இழுவை. பிறகு தக்காளியில் சோதியுங்கள்: அழுத்தாமல், வாயின் எந்தப் பகுதியை வைத்து இழுத்தாலும் தோல் வெட்ட வேண்டும். பிடிப்பக்கம், நடு, நுனி மூன்றையும் பாருங்கள். இதில் தேறாத கத்தியை அடுத்த கல்லுக்குக் கொண்டுபோவது வீண். 8000 கல்லில் கூர் வரவில்லை என்று சொல்பவர்களுக்குப் பிழை நடந்தது பெரும்பாலும் 1000 கல்லில்.

பிறகு 4000 கல்லில் 30 தடவை, 8000 கல்லில் 40 தடவை, இருந்தால் 12000 கல்லில் 20 தடவை. கல்லுக்குக் கல் பாரம் குறைய வேண்டும். 12000 இல்லையென்றால் குறோமியம் ஒக்சைட் என்ற பச்சைப் பசையைத் துணியில் மெலிதாகத் தடவி 10 தடவை. இங்கிருந்து முதுகு முன்னே போக வேண்டும். வாயை முன்னே விட்டால் துணி கிழியும். கடைசியாகத் தோல்வாரில் 50 தடவை. திருப்பும்போது வாயை மேலே தூக்கி, முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள். வாரைத் தொய்ய விட்டால் வாய் உருண்டு, செய்த வேலை போய்விடும்.

தோல்வார் இல்லாதவர்கள் பழைய பத்திரிகைத் தாளை நாலாக மடித்துக் கண்ணாடியில் வைத்து அதில் இழுக்கலாம். நல்ல பலன் தரும்.

மல்லாவி வாசகர்: ஹாட்வெயாரில் ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் மென்மையுமான கறுப்புக் கல் இருக்கிறது. அது போதாதா? அல்லது ஒட்டு வேலை செய்யும் கடையில் கிறைண்டரில் ஒருக்கால் பிடித்து எடுக்கலாமா?

பதில்: கிறைண்டர் வேண்டவே வேண்டாம். சவரக்கத்தியின் வாய் அவ்வளவு மெல்லியது. சூடு போக இடமில்லை. இரும்பு 200 பாகை செல்சியஸைத் தாண்டும்போது மஞ்சளாகும், 300க்கு அண்மையில் நீலமாகும். நீலம் தெரிந்த இடத்தில் விறைப்பு, அதாவது இரும்பின் கடினம், போய்விட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும், திரும்ப வராது.

அந்தக் கறுப்புக் கல் கத்திக்கும் அரிவாளுக்கும் உரியது. அதன் மென்மையான பக்கமே சவரக்கத்திக்கு மிகக் கரடு.

செலவில்லாத வழி வேண்டுமென்றால் வாகனப் பெயின்ற் கடைகளில் விற்கும் வோட்டர் பேப்பர். தடித்த கண்ணாடியில் தண்ணீரால் ஒட்டி, முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும். வாய் முன்னே போனால் தாளைக் குத்தும். இதில் பலர் ஏமாறும் இடம் இலக்கம். தாளின் 2000 வேறு, கல்லின் 2000 வேறு. 'பி2000' தாளின் துகள் சுமார் 10 மைக்ரோன். அது யப்பானிய 1000 கல்லுக்குக் கிட்டவானது. 8000 கல்லின் துகளோ 1.2 மைக்ரோன் அளவு. ஆகவே 2500 தாளோடு நிறுத்திவிட்டு முகத்தில் வைத்தால் எரியும். தாளை 1000 கல்லுக்குப் பதிலாகப் பாவியுங்கள். மீதிக்கு ஒரு 8000 கல்லாவது வேண்டும். 4000 கல் இல்லாவிட்டால் 8000 கல்லில் கூட நேரம் செல்லும், அவ்வளவுதான்.

கிளிநொச்சி வாசகர்: என்னுடைய புதுக் கத்தியில் நுனியும் நடுவும் நன்றாக வெட்டுகிறது. பிடிப்பக்கம் ஒரு விரல் அகலம் எத்தனை முறை தீட்டினாலும் மழுங்கலாகவே இருக்கிறது. இரும்பு சரியில்லையா?

பதில்: இரும்பைச் சந்தேகிக்க முன் சரிவு முழுவதும் அழியாத மை மாக்கரால் பூசி, 8000 கல்லில் பாரமில்லாமல் 3 தடவை இழுங்கள். பிடிப்பக்கத்தில் மை அப்படியே நின்றால் அந்த இடம் கல்லைத் தொடவே இல்லை.

அலகு கைப்பிடியை நோக்கித் தடிக்கும் இடத்தில் ஒரு தோள் இருக்கும். நீங்கள் அலகைக் கல்லின் விளிம்புவரை கொண்டுபோனால் அந்தத் தோள் கல்லில் ஏறி, பக்கத்தில் உள்ள வாயைத் தூக்கிவிடுகிறது. கல்லுக்குக் குறுக்காக நேரே இழுக்காமல் அலகை 45 பாகை சரித்து, பிடிப்பக்கம் முன்னே போக இழுத்தால் தோள் கல்லுக்கு வெளியே நிற்கும். முதுகில் ரேப் ஒட்டியவர்கள் அது தோளில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதே குறையை அதுவும் தரும். சரித்தும் மை அழியவில்லை என்றால் வாயின் பிடிப்பக்க மூலையைக் கல்லில் தேய்த்து உருட்டையாக்கி, தோளில் இருந்து 3, 4 மி.மீ. தள்ளி வாய் தொடங்கும்படி செய்வதுதான் வழி. அந்த மூலையால் யாரும் சவரம் செய்வதில்லை, கன்னத்தில் கீறுவதைத் தவிர அதற்கு வேலை இல்லை.

அழுத்திப் பிடித்து அந்த இடத்தைத் தொட வைக்கப் பார்க்காதீர்கள். அலகு வளைந்து கொடுக்கும், மை அழியும், கையை எடுத்ததும் பழையபடி நிற்கும்.

புதுக்குடியிருப்பு வாசகர்: தீட்டிய அன்று பட்டுப்போல் வெட்டுகிறது. இரண்டாம் நாள் சொரசொரப்பு. பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் நுண்ணிய பற்கள். ஏன்?

பதில்: மூன்று காரணம் இருக்கலாம், பெருக்குக் கண்ணாடி இருப்பதால் பிரிப்பது சுலபம். வாய் ஒரு பக்கமாக மடிந்து, அங்கங்கே பிய்ந்திருந்தால் அது பிசிர். அளவுக்கு மிஞ்சித் தீட்டியதால் நுனியில் தகடுபோல் மெல்லிய இரும்பு தொங்கியிருக்கிறது. முதல் நாள் அதுதான் வெட்டியது, இரண்டாம் நாள் பிய்ந்து போனது. 8000 கல்லில் செங்குத்தாக, ஒரேயொரு தடவை, பாரமே இல்லாமல் இழுத்துப் பிசிரை எடுத்துவிட்டு, பாரமில்லாமல் மறுபடி தீட்டுங்கள்.

வாய் மடியாமல், கிள்ளி எடுத்ததுபோல் குழிகள் இருந்தால் இரும்பு விறைப்புக் கூடியது, அந்தக் கோணத்தைத் தாங்கவில்லை. முதுகில் ஒரு சுற்று ரேப், போதாவிட்டால் இரண்டு. கோணம் 1, 2 பாகை கூடும்போது பெரும்பாலும் நின்றுவிடும். கூரில் குறைவு தெரியாது.

மூன்றாவது, தொழிற்சாலையில் அரைக்கும்போதே நுனி சூடேறி வெந்துபோனது. இதுவும் மடியும், ஆனால் பிசிர் எடுத்த பிறகும் மடிந்துகொண்டே இருக்கும். வெந்தது நுனியில் மட்டும் என்றால் 0.2 அல்லது 0.3 மி.மீ. இறக்கியதும் நல்ல இரும்பு வந்துவிடும். நாலைந்து முறை தீட்டியபின் 'கத்தி தானாகத் திருந்திவிட்டது' என்று சிலர் சொல்வது இதைத்தான். அதன் பிறகும் மடிந்தால் அலகு முழுதும் விறைப்பில்லை. காசு போனதுதான். கயிறு வெட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிகுளம் வாசகர்: சலூன் வைத்திருக்கிறேன். இப்படியான கத்தியைத் தீட்டி எடுத்து வாடிக்கையாளருக்குப் பாவிக்கலாமா?

பதில்: கூடாது. வாயில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கும். ஈரல் அழற்சி பி வைரசு உடலுக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கக்கூடியது. கைப்பிடியின் மடிப்புக்குள்ளும் ஆணிக்குள்ளும் துடைத்துச் சுத்தமாக்க முடியாது. ஆளுக்கொரு புது பிளேட் என்பதில் மாற்றம் வேண்டாம். தீட்டும் கத்தி ஒருவருக்கு மட்டும் உரியது, வீட்டிலும் தகப்பனும் மகனும் மாறி மாறிப் பாவிக்கக்கூடாது.

பூநகரி வாசகர்: கத்தி வாங்கி ஒரு மாரிகூடப் போகவில்லை. வாயோரம் கறுப்புப் புள்ளிகள். தீட்டினால் அந்த இடத்தில் பல் விழுகிறது. குழாய்க் கிணற்றுத் தண்ணீர் காரணமா?

பதில்: தண்ணீரும் காற்றும் சேர்ந்தது. புள்ளி என்பது கறள் தின்ற குழி. கல் அந்தக் குழிவரை இறங்கும்போது குழி பல்லாகத் திறக்கிறது. குழியின் அடிவரை இறக்கினால்தான் தீரும். முதல் பதிலில் சொன்ன முறைதான். பக்கங்களில் உள்ள கறளை 2000 வோட்டர் பேப்பரில் எண்ணெய் தொட்டு, முதுகில் இருந்து வாய்ப்பக்கமாக ஒரே திசையில் தேயுங்கள்.

எங்கள் பகுதிக் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. அது காய்ந்தால் வாயோரம் வெள்ளைப் படிவு விடும். படிவுக்கு அடியில் ஈரம் நிற்கும். சவர்க்கார நுரையும் சரியாக எழும்பாது, நுரை மெலிந்தால் நல்ல கத்தியும் இழுக்கும். நுரை எழுப்பவும் கடைசியாகக் கத்தியை அலசவும் மட்டும் ஒரு கோப்பை மழைத்தண்ணீரோ குடிக்க எடுக்கும் வடிகட்டிய தண்ணீரோ போதும். குழாயின் கீழே பிடித்து அலசாதீர்கள்; குழாய் வாயில் தட்டினால் அதுவே ஒரு பல்.

சவரம் முடிந்ததும் துடைத்து, துணியில் 5, 6 தடவை இழுத்து, ஒரு மணித்தியாலம் திறந்தபடி வையுங்கள். ஐப்பசியில் இருந்து தை வரை தினமும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளியை அலகு முழுவதும், ஆணி இருக்கும் இடத்திலும் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். குளியலறையிலும் தோல் உறையிலும் வைக்க வேண்டாம்; தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

மாங்குளம் வாசகர்: ஜேர்மனியில் இருந்து மச்சான் கொண்டுவந்த கத்தியில் 'சொலிங்கன்' என்று இருக்கிறது. அப்படியென்றால் தீட்டாமல் பாவிக்கலாமா?

பதில்: சொலிங்கன் என்ற பெயருக்கு ஜேர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு; அந்தப் பகுதியில் செய்யாத கத்தியில் அதைப் பொறிக்கக்கூடாது. பெயர் உண்மையென்றால் இரும்பை நம்பலாம். கூர் இருக்கிறதா என்பதைப் பெயர் சொல்லாது. முன்கையில் ஒரு மயிரைத் தோலில் இருந்து அரை அங்குலம் மேலே, அலகைத் தோலில் தொடாமல் வெட்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் அறுந்தால் வாரில் 50 தடவை இழுத்துவிட்டு முகத்தில் வைக்கலாம். மயிர் வளைந்து போனால் 8000 கல்.